முடியலைன்னு சொல்லுங்க

சட்டைக் காலரைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவாள் லாண்டரி அக்கா. காலர் முனை சுருண்டிருந்தால் வீட்டில் சண்டை. முழங்கைப் பக்கம் மட்டும் கசங்கியிருந்தால் மேசையில் சாய்ந்து தூங்குகிற உத்தியோகம். முன்பக்கம் மட்டும் தேய்த்து முதுகை அப்படியே விட்டிருந்தால், அந்த ஆளை நம்பி ஒரு கைமாத்துகூடக் கொடுக்கக் கூடாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், அலுவலகங்கள் வரிசை கட்டி நிற்கும் தெருவில் அவள் கடை. விடிந்ததும் ஷட்டரைத் தூக்கினால்தான் அந்தத் தெரு உத்தியோகஸ்தர்கள் மானமாக வேலைக்குப் போக முடியும். அந்த மிதப்பு அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், நாள் முழுக்க ஆவியில் வேகிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அப்பேர்ப்பட்டவள் தன் புருஷனைக் கசங்கிய சட்டையோடு உட்கார வைப்பாளா? வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் இருக்கிற மனுஷன்தான், வெளியே போவது மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு. ஆனாலும் தினமும் வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் இருப்பார். ஆள் பாதி ஆடை பாதி என்பது ஊருக்குப் பழமொழி. அக்காவுக்கு அது வேதம்.

அவர் முன்னே பெயிண்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குச் சாரத்தில் தொங்கியபடி வண்ணம் பூசுகிறவர். எந்த வேலையைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். "இத்தனை மாடி, ரெண்டே வாரம், முடியுமா?" "பாத்துக்கலாம்." கான்டிராக்டர்கள் அவர் பெயரையே மறந்து "பாத்துக்கலாம் வந்தாச்சா?" என்று கேட்கிற அளவுக்கு அந்த வார்த்தை அவரோடு ஒட்டிக்கொண்டது. சாரக்கயிறு இற்றுப் போயிருக்கிறது என்று மேஸ்திரி சொன்னபோதும் அதையேதான் சொன்னார். கயிறு பார்த்துக்கொள்ளவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. கை விரல்கள் பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிட்டன. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கைகளை அவர் விட்டுவிடவில்லை. அதுதான் அவர் குணம். கட்டைவிரலைச் சட்டை இடைவெளியில் கொக்கி மாதிரி மாட்டி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டால் பட்டனைத் தள்ளித் தள்ளி ஓட்டைக்குள் நுழைக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு பட்டனுக்கு ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆகும். வேலை நாளில் அக்காவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அவளே போட்டுவிட்டு ஓடிவிடுவாள். கடை லீவு நாளில் மட்டும் அவர் விடமாட்டார். நெற்றி வேர்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாப் பட்டனையும் போட்டு முடித்து, "எப்படி?" என்று கேட்பார். அக்கா தலையை ஆட்டுவாள். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

காலையும் மாலையும் அவரைத் தூக்கி இறக்க ஓர் ஆள் வருவார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அதனால் மூட்டைக்காரர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைப்பார். "உங்களவிட உருளைக்கிழங்கு மூட்டை மேல்ண்ணே, அது பேசாது" என்பார். அவருக்குக் கொடுக்கிற சம்பளம் அரசாங்கம் தருகிற ஊனமுற்றோர் உதவித்தொகை. அது வருகிறவரைக்கும் மூட்டைக்காரர் வருவார். அவர் வருகிறவரைக்கும் கடை திறக்கும். இவ்வளவுதான் அந்தக் குடும்பத்தின் கணக்கு வழக்கு.

அந்த நிம்மதி யார் கண்ணை உறுத்தியதோ, ஒருநாள் கடிதம் வந்தது. ஊனமுற்றோர் உதவித்தொகை என்ற பெயர் மனதைப் புண்படுத்துகிறதாம். ஆகவே அந்தத் திட்டம் மூடப்பட்டு, எல்லாரும் 'ஆற்றல் மேம்பாட்டுத் திட்டம்' என்ற புதிய திட்டத்துக்கு மாற்றப்படுகிறார்களாம். 'நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை' என்று தடித்த எழுத்தில் போட்டு, அதன் கீழே செய்ய வேண்டியவற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். மனம் புண்படக் கூடாது என்பதில் அரசாங்கத்துக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள். வயிறு புண்பட்டால் அது வேறு இலாகா.

புதிய திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார் என்றும் எழுதியிருந்தது. விருந்தாளி வருகிறார் என்றதும் அக்காவுக்குக் கை பரபரத்தது. வீட்டைத் துடைத்தாள். திரைச்சீலையைக் கழற்றித் துவைத்துத் தேய்த்து மாட்டினாள். இருப்பதிலேயே நல்ல வெள்ளைச் சட்டையை எடுத்து, கத்தி முனைபோல் மடிப்பு வைத்தாள். "இன்னைக்கு நானே போட்டுக்கறேன்" என்றார் பெயிண்டர். விடியற்காலையிலேயே ஆரம்பித்து, மதிப்பீட்டாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கடைசிப் பட்டனை முடித்திருந்தார்.

வந்தது ஒரு சின்னப் பெண். கையில் சிலேட்டுப் பலகை அளவுக்கு ஒரு கணினி. முகத்தில் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த புன்னகை. காலர் சரியாகத் தேய்க்கப்படவில்லை என்பதை அக்கா முதலிலேயே பார்த்துவிட்டாள், பாவம், நேரம் இருந்திருக்காது என்று மன்னித்தும் விட்டாள்.

"எப்படி சார் இருக்கீங்க?"

"ஜோரா இருக்கேம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

வீட்டுக்கு வந்தவர்களிடம் மூக்கைச் சிந்துவது அந்த வீட்டில் வழக்கமில்லை. வலி உண்டா என்று கேட்டாள், "அது பாட்டுக்கு வரும் போகும்" என்றார். தூக்கம் வருமா என்று கேட்டாள், "தூக்கத்துக்கு என்ன கேடு?" என்றார். எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றுகூடக் கேட்டாள். "பாத்துக்கலாம்." அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"சட்டை ரொம்ப நல்லா இருக்கு சார். யாரு போட்டு விட்டாங்க?"

பெயிண்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். டீக் கோப்பையைக் கையில் வைத்தபடி, பிள்ளை பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற தாய் மாதிரி சொன்னாள்: "அவரேதான் போட்டாரு! ஒருத்தர் கை படல!"

அந்தப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, எதையோ ஒருமுறை அழுத்தினாள். அத்தோடு கதை முடிந்தது.

அடுத்த மாதம் பணம் வரவில்லை. கடிதம்தான் வந்தது. 'பயனாளி நேர்த்தியாக உடையணிந்திருந்தார். சிரித்த முகத்துடன் பதிலளித்தார். பிறர் உதவியின்றி உடை அணிய இயலும் என்று குடும்பத்தாரே உறுதிப்படுத்தினர். எனவே உதவியாளர் தேவையில்லை.' அக்கா அந்தக் 'குடும்பத்தாரே' என்ற சொல்லை மறுபடி மறுபடி படித்தாள். சொந்தச் செலவில் தனக்குத்தானே சூனியம் வைத்துக்கொண்டது அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

அவளுடைய தம்பி, இந்தத் தொகையைத் தருகிற நல அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஊரில் உள்ள அத்தனை பேரின் கஷ்டத்தையும் முன்னும் பின்னும் நகல் எடுத்தவன் என்பதால், சட்டதிட்டம் எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம் என்று ஒரு நினைப்பு. சாயங்காலம் வந்து உட்கார்ந்து விளக்கினான்.

"கால் போனதுக்கு அவங்க கணக்குல ஒண்ணுமே இல்லக்கா. அதுக்குதான் நாற்காலி கொடுத்தாச்சே! கைதான் கேள்வி. தானா சட்டையைப் போடவோ கழட்டவோ முடியாதுன்னா உதவியாளர் பணம் உண்டு. முடிஞ்சா இல்ல."

"போட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கேக்க மாட்டாங்களாடா?"

"கேக்க மாட்டாங்க. விடிய விடிய ஆனாலும், போட்டா போட்டதுதான். மறுபரிசீலனைக்கு எழுதிப் போடுவோம். குழுவுல கூப்பிடுவாங்க. ஆனா ஒண்ணு, மாமா இப்படி மாப்பிள்ளை மாதிரி வந்து உக்காரக் கூடாது. நாலு நாள் சவரம் பண்ணாம, அழுக்குச் சட்டையோட, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வரணும். அழுத பிள்ளைக்குத்தான் பால்."

"அழுக்குச் சட்டை போடணும்னா நீ வந்து உக்காரு" என்றார் பெயிண்டர். "உன் சட்டை எப்பவும் அப்படித்தானே இருக்கு."

மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டார்கள். பதில் வருமென்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். மூட்டைக்காரர் நல்ல மனுஷன், சும்மாவே வந்துகொண்டிருந்தார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. ஒருநாள் பெயிண்டரை நாற்காலியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "பக்கத்து ஊரு குடோன்ல வேலை கிடைச்சிருக்குண்ணே. பணம் வந்தா சொல்லி அனுப்புங்க, வந்துடறேன்" என்றார். "போய்ட்டு வாப்பா, இதுக்கெல்லாம் மூஞ்சியைத் தொங்கப் போடுவாங்களா?" என்று அனுப்பி வைத்தார் பெயிண்டர். ஆறுதல் சொல்ல வேண்டியவர் யார், சொன்னவர் யார் என்று பாருங்கள்.

அதன்பிறகு அக்கா தூக்கினாள். தேய்ப்புப் பெட்டியைத் தூக்குகிற கைதான், ஆனால் புருஷன் தேய்ப்புப் பெட்டி இல்லையே. முதுகு முதல் வாரமே மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஷட்டர் ஏறுகிற நேரம் தள்ளித் தள்ளிப் போயிற்று. வாசலில் நின்று வாட்சைப் பார்த்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருவுக்குப் போகத் தொடங்கினார்கள். காலர் மடங்கிய சட்டைகளோடு அவர்கள் போவதைப் பார்க்கையில் அவளுக்கு வயிறெரிந்தது.

ஒருநாள் காலை குளியலறை வாசலில் அவள் கால் வழுக்கிவிட்டது. அவரைக் கீழே போட்டுவிடக் கூடாதென்று அணைத்தபடியே விழுந்தாள். இரண்டு பேரும் ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தார்கள். அவளாலும் எழுந்திருக்க முடியவில்லை.

"ரொம்ப நாளாச்சு, இப்படிப் பக்கத்துல படுத்து" என்றார் பெயிண்டர்.

சிரிப்பு வருகிற நேரமா அது? அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாத்துக்கும் கேலி! சாரத்துல இருந்து விழுந்தப்பவும் கேலி, இப்பவும் கேலி. கடை போகுதுங்க. கடை போச்சுன்னா உங்களை ஏதாவது விடுதியிலதான் கொண்டு போய்ச் சேக்கணும். வரிசையா கட்டில் போட்டு வச்சிருப்பாங்க. அங்க எவன் உங்க சட்டைக்கு மடிப்பு வைப்பான்? அந்தக் குழு முன்னால ஒரே ஒரு தடவை முடியலைன்னு சொல்லுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழுந்துதானே கிடக்கோம்."

"நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்: "வேற என்ன வேணா கேளு. அதை மட்டும் கேக்காத. இந்த ரெண்டு கைதான்மா என்கிட்ட மிச்சம். அதையும் முடியாதுன்னு என் வாயாலயே சொல்லிட்டா, அப்புறம் நாற்காலியில உக்காந்திருக்கிறது யாரு?"

அக்கா வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து இருவரையும் தூக்கிவிட்டார்.

மறுபரிசீலனைக்கு அழைப்பு வந்தது. அன்றைக்கும் அவள் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். ஜெராக்ஸ்காரன் தலையில் அடித்துக்கொண்டான். அழுக்குச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்தான். மனம் வரவில்லை. அவசரத்தில் பட்டன்களை அவளே போட்டுவிட்டாள், வாடகை வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

நல அலுவலகத்தில் சக்கர நாற்காலிக்கென்று சரிவுப் பாதை இருந்தது. அதில் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சும்மா கிடக்கிற இடம்தானே என்று நினைத்திருப்பார்கள். ஜெராக்ஸ்காரனும் வேன் டிரைவரும் தொட்டிகளை நகர்த்தி வழி பண்ணினார்கள். குழு அறைக்குள் விண்ணப்பித்தவரும் ஒரு துணையும் மட்டும் போகலாம் என்று சொல்லிவிட்டதால் ஜெராக்ஸ்காரன் வெளியே நின்றான்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். முன்பக்கம் பளபளவென்று தேய்த்து, முதுகு கசங்கிய ரகம் என்பது அவர் விசிறிப் பக்கம் திரும்பியபோது அக்காவுக்குத் தெரிந்தது. வலது பக்கம் ஒரு டாக்டர், செல்போனைத் தவிர வேறு நோயாளியைப் பார்க்காதவர். இடது பக்கம் பொதுமக்கள் பிரதிநிதி. எந்தப் பொதுமக்கள் அவரை அனுப்பினார்களோ, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சட்டை யார் போட்டது?" என்றார் தலைவர்.

"நான்தான் சார் போட்டு விட்டேன்" என்றாள் அக்கா. இந்தத் தடவை உண்மையே உதவிக்கு வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம்.

"போன தடவை அவரே போட்டதாச் சொல்லியிருக்கீங்க. தேவைக்குத் தகுந்த மாதிரி மாத்திச் சொன்னா எப்படிம்மா?" தலைவர் பேனாவைத் திறந்தார். "பேச்சே வேண்டாம். கழட்டிக் காட்டச் சொல்லுங்க. எங்க முன்னாலயே."

பொதுமக்கள் பிரதிநிதி தலையாட்டினார்.

நடுத்தர வயதுக்காரர் ஒருவரை, மூன்று அந்நியர் முன்னால் சட்டையைக் கழற்று என்கிறோமே என்று ஒருவருக்கும் கூச்சமில்லை. கூசியது அக்காவுக்குத்தான். பெயிண்டருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை மாடி, முடியுமா என்று யாரோ கேட்டுவிட்டது போல இருந்தது அவருக்கு. கையை மெல்லத் தூக்கிக் கழுத்துப் பட்டனுக்குக் கொண்டு போனார்.

கஞ்சியில் விறைத்த ஓட்டை அது. அவள் கைவண்ணம். கட்டைவிரல் மாட்டியது, வழுக்கியது, மறுபடி மாட்டியது. டாக்டர் செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்தார். பியூன் டீ கொண்டுவந்து வைத்தான், மூன்று கோப்பை மட்டும். தலைவர் உறிஞ்சிக் குடித்தார். முதல் பட்டன் விடுபட்டபோது பெயிண்டரின் நெற்றியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன்னை மறந்திருந்தார். அடுத்தது, அதற்கடுத்தது.

அக்கா தலைவரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தாளின் மேல் காத்திருந்தது. கடைசிப் பட்டன் விடுபட்டால் 'இயலும்'. முடிந்தது கதை. இத்தனை வருஷம் ஒவ்வொரு பட்டனுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் புருஷன் தோற்றுப்போக வேண்டும் என்று சாமியை வேண்டினாள். அப்படி வேண்ட வைத்தவர்கள் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் இரண்டு பட்டன். அந்தச் சட்டையை எத்தனையோ முறை தேய்த்தவள் அவள். அந்த இரண்டு ஓட்டைகளும் நைந்து தளர்ந்தவை, தொட்டாலே கழன்று வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். விரலை அங்கே வைத்துவிட்டுப் பெயிண்டர் நிமிர்ந்து, "எப்படி?" என்று கேட்கிற அந்த முகத்தோடு அவளைப் பார்த்தார்.

அவள் தலையை ஆட்டவில்லை. கண் நிறைந்துபோய் நின்றாள். முதுகு வலியில் ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது.

பெயிண்டர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"முடியல சார்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார் தலைவர். "பதிவு ஆகணும்."

"முடியல. என்னால முடியாது."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எங்களுக்கும் நேரம் மிச்சம்" என்றபடி தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் எதைப் பார்த்துப் போட்டாரோ, அவரும் போட்டார். "உதவியாளர் தொகை உண்டு. இந்த மாசத்துல இருந்தே வரும். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வரணும், முன்னேற்றம் இருக்கான்னு பாப்போம். ஆற்றல் மேம்பாட்டுத் திட்டம் இல்லையா? வாழ்த்துகள்."

அக்கா குனிந்து பட்டன்களைப் போட்டுவிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. மூட்டைக்காரர் திரும்பி வருவார், ஷட்டர் நேரத்துக்கு ஏறும். ஆனால் அந்த மேசைமேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஜெராக்ஸ்காரன் கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தான். ஓடிவந்து பெயிண்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"மாமா! என்னா நடிப்பு! கடைசி ரெண்டு பட்டன்ல கொண்டாந்து நிறுத்தினீங்க பாருங்க, பின்னிட்டீங்க!"

"வாயை மூடுடா" என்றாள் அக்கா.

பெயிண்டர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவன் குலுக்கியபடி இருந்தான், கை அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க மாப்ள" என்றார். "அப்ப நடிக்க வேண்டியிருக்காது."